பதில் சொல்ல வேண்டிய வேலை

மயிலாடுதுறை
22.6.1994

அன்பு மாப்ள ஃபாஜிலுக்கு,

வளவன் எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். மஸ்கட்டிலிருந்து நீ போட்ட இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. விவசாயக் கல்லூரி விடுதியில் நாலு வருஷம் ஒரே அறையில் கிடந்தவனுக்கு, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று மறுபடியும் எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதலாம். வேலை கிடைத்துவிட்டதுடா.

பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. மாயவரம், குத்தாலம், சீர்காழி மூன்றும் என் பொறுப்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அட்டையைப் புதுப்பித்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். இப்போது கம்பெனிகள் புதிது புதிதாக வருகின்றன. அரசாங்க வேலைக்குக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். பைக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்துக்கு டை வேறு. எங்கள் அகரவெளி கிராமத்து வரப்பில் டை கட்டிக்கொண்டு நடந்த முதல் ஆள் நான்தான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் அப்பா செல்லதுரை சாகிறவரை பண்ணை வீட்டுத் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார். அதே தெருவில் போன வாரம் ஷூ காலோடு பைக்கை நிறுத்தினேன். "வாங்க சார், மோர் சாப்பிடுறீங்களா?" என்றார்கள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். படித்ததற்கும் உழைத்ததற்கும் அர்த்தம் இதுதான் என்று தோன்றியது. பைக்கில் திரும்பி வரும்போது, இதுதானா, இவ்வளவுதானா என்றும் தோன்றியது. என்னை உனக்குத் தெரியும். எதிலும் இருப்புக் கொள்ளாத ஆள்.

அம்மாவை இனி நடவுக்குப் போகவேண்டாம் என்றேன். "போகலேன்னாதாண்டா காலு வலிக்குது" என்கிறாள். உன்னை மிகவும் விசாரித்தாள்.

தோட்ட வேலை என்று மட்டும் எழுதியிருக்கிறாயே, என்ன தோட்டம்? விவரமாக எழுது.

உன்
வளவன்


மஸ்கட்
17.7.1994

மச்சான் வளவனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு வேலை கிடைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதத்தில் டை கட்டிய பகுதியை மட்டும் என் அறையில் இருக்கும் ஏழு பேருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவர் கேரளா, இருவர் பங்களாதேஷ். மொழி தெரியாமலே சிரித்தார்கள்.

என்ன தோட்டம் என்று கேட்டாய். ரோட்டோரத் தோட்டம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையின் இரண்டு பக்கமும், நடுவில் வரும் ரவுண்டானாக்களிலும் புல் வளர்ப்பதும் பூ வளர்ப்பதும்தான் எங்கள் கம்பெனியின் வேலை. பாலைவனத்தில் புல், மச்சான்! சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். நவம்பரில் இவர்களுடைய தேசிய தினம். அதற்குள் எல்லாச் செடியும் பூத்துவிட வேண்டும். பூத்து முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நடுவோம். யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. கார்கள் பறக்கின்றன. நாற்பது ஆட்களுக்கு நான் சூபர்வைசர். நெல்லில் கல்லூரிக்கே முதல் மார்க் வாங்கியவன் இங்கே ஒரு நெல்மணியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

வாப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் தோப்புத்துறைக் கடையை மூடிவிட்டோம். தங்கச்சிகள் பர்வினுக்கும் சின்னவளுக்கும் நான்தான் நிக்காஹ் செய்து வைக்க வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. கேள்வி தானாக வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரு பிரியாணி சாப்பிட்டால் தூங்கிப்போகும்.

நீ கொடுத்துவைத்தவன். படித்ததை வைத்து வயலுக்குப் போகிறாய். எங்கே எந்தப் பூச்சி, எந்த ரகம் நட்டிருக்கிறார்கள் என்று எழுது. அதையாவது படித்துக்கொள்கிறேன்.

துஆவுடன்
ஃபாஜில்


மயிலாடுதுறை
9.1.1996

அன்பு மாப்ள,

உனக்கும் புதுப்பெண் ஃபஹ்மிதாவுக்கும் என் வாழ்த்துகள். உன் கல்யாணத்துக்கு வர முடியாதது பெரிய குறை. அந்த வாரம்தான் சிங்கப்பூரில் இருந்தேன். ஆமாம், சிங்கப்பூர்! தமிழ்நாட்டிலேயே அதிகமாக விற்ற நாலு பேரைக் கம்பெனி அழைத்துப்போனது. விமானத்தில் ஜன்னல் ஓரம். சந்தோஷம் தாங்கவில்லை.

எங்கள் மேனேஜர் தியாகராசன் சார் சொல்கிறார், "வளவா, நீ மருந்து விக்கலை. பயத்தை விக்கிற. விவசாயி பக்கத்து வயலைப் பார்த்துப் பயப்படணும், அவ்வளவுதான்." சரியாகத்தான் சொல்கிறார். புழு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து வயல்காரன் அடித்தால் இவனும் அடிக்கிறான். நான் வெறுமனே நடந்துபோனாலே விற்கிறது. அதுவும் சந்தோஷம்தான்.

எங்கள் தெருவில் வைரக்கண்ணு அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், நாற்பது வயது. மருந்து அடிப்பதுதான் தொழில். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் அளந்து வைத்ததுபோல அடிப்பார். விவசாயிகளைக் கூட்டிவைத்து நாங்கள் நடத்தும் செயல்விளக்கத்துக்கெல்லாம் அவரைத்தான் தினக்கூலிக்கு வைத்துக்கொள்கிறேன். நம் தெரு ஆளுக்கு நம்மால் ஒரு வேலை. அதில் எனக்குச் சந்தோஷம்.

அம்மாதான் என் சட்டையைத் தனியாகத் துவைக்கிறாள். நாற்றம் போகமாட்டேன் என்கிறதாம்.

பூச்சி பற்றி எழுதச் சொன்னாய். எழுத நேரமில்லை மாப்ள. அடுத்ததில் எழுதுகிறேன்.

உன்
வளவன்


மஸ்கட்
2.3.1996

மச்சான்,

உன் கடிதம் கண்டேன். ஒரே கடிதத்தில் எத்தனை சந்தோஷம் எழுதியிருக்கிறாய் என்று ஃபஹ்மிதாவுக்கு எழுதிய கடிதத்தில் கேலி செய்திருந்தேன். அவள் பதில் போட்டிருக்கிறாள்: "சந்தோஷமா இருக்கிறவங்க அதை இத்தனை தடவை எழுத மாட்டாங்களே." அவளை நான் பார்த்ததே இருபத்தெட்டு நாள்தான். எனக்குத் தெரியாத உன்னை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உனக்கு ஏதாவது உறுத்தினால் என்னிடம் சொல். நான் அறிவுரை சொல்கிற ஆள் இல்லை. எனக்கே வேலையில் கை மட்டும்தான் இருக்கிறது, மனசு ஊரில் இருக்கிறது. இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நட்டதில் பாதி கருகும். மறுபடியும் நடுவோம்.

ஃபாஜில்


மயிலாடுதுறை
5.11.1996

அன்பு ஃபாஜிலுக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னித்துவிடு. உன் கம்பெனியில் எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா? சூபர்வைசர் வேலைதான் வேண்டும் என்பதில்லை. புல் வெட்டும் வேலையானாலும் சரி. சீக்கிரம் கிளம்பினால் நல்லது. பாஸ்போர்ட் சிங்கப்பூருக்காக எடுத்தது இருக்கிறது. இத்துடன் நகல் வைத்திருக்கிறேன்.

காரணம் எதுவும் இப்போது கேட்காதே.

வளவன்


மஸ்கட்
1.12.1996

என் மச்சானுக்கு,

கேட்கவில்லை. நீ வருகிறாய் என்பதே போதும். கடிதம் வந்த அன்று நாற்பது பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேனேஜர் முதலில் முடியாது என்றார். ஒரே ஒரு விசா பாக்கி இருந்தது. அதை ஃபஹ்மிதாவின் தம்பிக்காகக் கேட்டு வைத்திருந்தேன். அவனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் முகம் தூக்கினார்கள், பரவாயில்லை. "எனக்கு ஈடாக ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றால் அவனைத்தான் காட்டுவேன்" என்று மேனேஜரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். நர்சரி முழுவதும் உன் பொறுப்பு. ஜனவரி கடைசியில் விசா வந்துவிடும், இன்ஷா அல்லாஹ். என் கட்டிலுக்கு மேல் கட்டில் காலியாகிறது.

வரும்போது கோரைப்பாய் ஒன்றும், அம்மா போடும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வா. விடுதியில் போல மறுபடியும் ஒரே அறை! எனக்கு நாட்கள் நகரமாட்டேன் என்கின்றன.

உன்
ஃபாஜில்


மயிலாடுதுறை
10.2.1997

அன்பு ஃபாஜிலுக்கு,

விசா வந்து சேர்ந்தது. நீ பட்ட பாடு எல்லாம் தெரியும். நான் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு நீ என்ன நினைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

போன செப்டம்பர் 27, குத்தாலம் பக்கத்தில் ஒரு பெரிய செயல்விளக்கம். அறுபது விவசாயிகள், பந்தல், சாப்பாடு. புது மருந்து. தியாகராசன் சாரே வந்திருந்தார். வைரக்கண்ணு அண்ணனுக்கு நான் முகமூடியும் கையுறையும் கொடுத்து, மாட்டிவிட்டும் நின்றேன். அதைச் செய்தேன், அது உண்மை. அவர் வயலில் இறங்கப் போகும்போது சார் என் காதில் சொன்னார்: "என்னப்பா, சந்திரனுக்குப் போற மாதிரி நிக்கிறான்? இதைப் பார்த்தா எவன் மருந்து வாங்குவான்? கழட்டச் சொல்லு."

நான் ஒரு நிமிஷம் நின்றேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு போய், "அண்ணே, அதைக் கழட்டிடுங்க" என்றேன்.

"ஏன் தம்பி, இது வேணாமா?"

"வேணாம்ணே. இது பாதுகாப்பான மருந்துதான்."

"நீ சொன்னாச் சரி" என்று கழற்றி என் கையில் கொடுத்தார். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

டாங்கி மூடி சரியாக இறுகவில்லை. முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. எதிர்க்காற்று வேறு. நாங்கள் பந்தலில் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு டாங்கி அடித்திருக்கிறார். எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் வரப்பில் விழுந்து கிடந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர், "என்ன மருந்து?" என்றார். மருந்தின் பெயர், அது எந்த வகை, அதற்கு என்ன முறிவு மருந்து, எத்தனை நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

வைரக்கண்ணு அண்ணன் பிழைத்துவிட்டார். ஆனால் கால் இரண்டும் தடுமாறுகின்றன. கை விரல்களால் சோற்றைப் பிசைய முடியவில்லை. இனி முதுகில் எதையும் தூக்க முடியாது என்றார்கள்.

இதுவரை நடந்தது தவறு என்றால், இனி எழுதப் போவது வேறு. நாலாம் நாள் கம்பெனியிலிருந்து டைப் செய்த ஒரு தாள் வந்தது. "மேற்படி நபர் மது அருந்தியிருந்தார், எச்சரித்தும் கேளாமல் பாதுகாப்புக் கருவிகளை அணிய மறுத்தார்" என்று இருந்தது. கீழே என் பெயர். தியாகராசன் சார், "கையெழுத்துப் போடு, இல்லேன்னா உனக்கும் எனக்கும் வேலை இருக்காது" என்றார். கையெழுத்துப் போட்டேன், ஃபாஜில். அந்த மனிதர் பீடிகூடக் குடிக்கமாட்டார். போட்டுவிட்டு ஒரு மாதம் அதே பைக்கில், அதே மருந்தை விற்றேன். பிறகு உனக்கு எழுதினேன். ஓடிப்போகத்தான் எழுதினேன்.

பொங்கலுக்கு மறுநாள் அவர் மனைவி அம்சவல்லி அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நிவாரணம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி அந்தத் தாளின் நகலைப் பதிலாக அனுப்பியிருக்கிறது. அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "தம்பி, அவரு குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வேன் என்று நின்றார். பிறகு போய்விட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள்தான், "வெளிநாடு போறதா இருந்தா போ. உங்கப்பா செருப்பைக் கையில தூக்கினாரு, ஆனா எவனுக்காகவும் பொய் சொன்னதில்லை" என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். முகமூடியைக் கழற்றச் சொன்னது நான்தான் என்பதையும் எழுதினேன். ஒரு வாரத்தில் கம்பெனி என்னை நீக்கிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக.

விசாரணை நடக்க வேண்டும். நான் சாட்சி. மஸ்கட் வந்துவிட்டால் அந்தத் தாள்தான் மிஞ்சும். அதனால் வரவில்லை. இனி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் காவேரிக் கரையில் நடந்துவிட்டு வருகிறேன்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது இன்னொரு தவறு.

வளவன்


மஸ்கட்
4.3.1997

வளவனுக்கு,

கடிதம் கிடைத்தது. வைரக்கண்ணு அண்ணனுக்காக துஆ செய்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

நீ உண்மையைச் சொன்னது சரி. வரமாட்டேன் என்றதும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் விசா கேட்டு எழுதியபோது, நீ எங்கிருந்து ஓடி வருகிறாய் என்று எனக்குத் தெரியாது. என் மச்சினன் பம்பாயில் ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறான். அந்த விசா இன்று அவனுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்க்கிறதில்லை. ஃபஹ்மிதா இரண்டு மாதமாக எனக்குக் கடிதம் போடவில்லை.

நீ வேலையை விடலாம். கரையில் நடக்கலாம். என்ன செய்வது என்று யோசிக்கலாம். உனக்கு மனசாட்சி இருக்கிறது. எனக்கு இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள். இந்த வேலையில் எனக்கும் ஒன்றுமில்லை என்று உனக்குத் தெரியும். நான் செத்துப்போனால் மறுநாளே இன்னொருவன் அதே குழாயைத் திறப்பான். அது தெரிந்துகொண்டே தினமும் போகிறேன். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே. எழுதினாலும் என்னால் பதில் போட முடியாது.

ஃபாஜில்


மயிலாடுதுறை
21.6.1998

அன்பு ஃபாஜிலுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு வருஷம் பொறுத்துவிட்டு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது நாலாவது. பதில் வேண்டியதில்லை, படித்தால் போதும்.

விசாரணை முடிந்துவிட்டது. அம்சவல்லி அண்ணிக்குக் கேட்டதில் பாதி கிடைத்தது. குடித்திருந்தார் என்ற வரியை அடித்துவிட்டார்கள். அதற்குத்தான் அண்ணி அழுதார். வைரக்கண்ணு அண்ணனைப் பார்க்க அடிக்கடி போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார், "உன் மேல கோவம் இல்லை தம்பி. ஆனா நீ வந்தா எனக்கு அந்த வயலு ஞாபகம் வருது. அடிக்கடி வராத." இப்போது போவதில்லை.

ஆறு மாதம் சும்மா இருந்தேன். நாலு மாதம் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் சூபர்வைசராக இருபது நாள் இருந்துவிட்டு ஓடிவந்தேன். இப்போது பண்ணைப்பள்ளி என்று அரசாங்கம் நடத்துகிற ஒன்றில் ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறார்கள். பள்ளி என்றால் கட்டடம் இல்லை. வயல்தான் பள்ளி. வாரம் ஒருநாள் ஒரு ஊரில் இருபத்தைந்து முப்பது விவசாயிகளோடு வயலில் இறங்க வேண்டும். பத்து குத்து நெல்லைப் பிரித்துப் பார்த்து, கெடுதல் செய்கிற பூச்சி எத்தனை, அதைத் தின்கிற சிலந்தி எத்தனை, தட்டான் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். சிலந்தி போதுமான அளவு இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

முதல் நாள் ஒருவர் எழுந்து, "போன வருஷம் அடி அடின்னு வித்த வாயி, இப்ப அடிக்காதேங்குது. எதை நம்புறது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. "என்னை நம்பாதீங்க, எண்ணிப் பாருங்க" என்றேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை.

சம்பளம் குறைவு. மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வேலையில் நிம்மதி கிடைத்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. பொறுங்கள் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் இரவில் எண்ணி எழுதிய கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன். தவறாகப் போனால் அவர்களுடைய ஆறு மாத உழைப்பு. அலுப்பு மட்டும் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு நான் செய்ததற்கு ஈடாக எதுவும் செய்ய முடியாது. உன் மச்சினன் என்ன ஆனான் என்று தெரிந்தால் கொஞ்சம் மனசு ஆறும். அம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறாள். வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
வளவன்


மஸ்கட்
24.1.1999

மச்சான் வளவனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. உன் நாலு கடிதமும் என் பெட்டியில் இருக்கின்றன. நாலையும் படித்தேன். மச்சினன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான், நல்ல இடம். ஃபஹ்மிதாவும் என்னோடு பேசுகிறாள். நீ கவலைப்பட வேண்டாம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டு இருக்க முடியவில்லை. நான் ஊருக்கு வந்திருந்தேன். நோன்புக்கு முன்னால் பர்வினுக்கு நிக்காஹ். உனக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. வேண்டுமென்றுதான் அனுப்பவில்லை. ஆனால் நிக்காஹ் முடிந்த நாலாம் நாள், வீட்டில் நாகப்பட்டினம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேதாரண்யத்தில் பஸ் ஏறி, நாகப்பட்டினத்தில் மாறி, மாயவரம் வந்தேன். உன்னைப் பார்த்து நேரிலேயே திட்டிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீடு பூட்டியிருந்தது, அம்மா எங்கோ வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான், "தம்பி இன்னைக்குக் கொற்றங்குடி வயல்ல இருக்கும்" என்றார். ஆட்டோ பிடித்து வந்தேன். ரோட்டில் இறங்கி மோட்டார் கொட்டகை வரை நடந்தேன். நீ வயலில் நின்றுகொண்டிருந்தாய். இளைத்துப் போயிருக்கிறாய். முன்னால் தலை வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. சுற்றிலும் பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர் இருக்கும். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு அம்மா சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"நாலு நாள் பொறுங்க, பொறுங்கன்னு சொன்னீங்களே சார். வந்து பாருங்க எங்க மூலையை! புகையான் பூச்சி வட்டமா கருக்கிட்டுப் போயிருக்கு. கதிரு வர்ற நேரம். உங்களுக்கென்ன, நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் எங்க போவேன்?"

எல்லாரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நானும் கொட்டகை மறைவிலிருந்து பார்த்தேன். ஏதாவது காரணம் சொல்வாய் என்று நினைத்தேன். மழை, மூட்டம், பக்கத்து வயல், எது வேண்டுமானாலும் சொல்லலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். நீ, "நான் சொன்னது தப்பும்மா. தண்ணியை வடிக்கச் சொல்லியிருக்கணும், சொல்லலை. பூச்சி இவ்வளவு வேகமாப் பெருகும்னு நினைக்கலை. வாங்க, மிச்சத்தையாவது பிழைக்க வைக்க முடியுதான்னு பார்ப்போம்" என்றாய். பேண்டைக்கூட மடிக்காமல் சேற்றில் இறங்கி அந்த மூலைக்குப் போனாய். அந்த அம்மா திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

நான் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றேன். உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது மச்சான். ஐந்து வருஷமாக நான் வேலை செய்கிறேன். ஒருநாளாவது ஒரு ஆள் என் முன்னால் வந்து நின்று, "நீ சொன்னது தப்பு, நான் எங்கே போவேன்?" என்று கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. நான் தப்பு செய்தால் ஒரு பூ வாடும். மறுநாள் லாரியில் வேறு பூ வரும். நான் சரியாகச் செய்தாலும் அதே லாரிதான் வரும்.

முகமூடியைக் கழற்றச் சொன்ன அன்று நீ எப்படி நின்றிருப்பாய் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உன்னை நான் மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம், விசா மட்டும் இல்லை. வயலில் உன்னைப் பார்த்த பிறகும் அது மறையவில்லை. ஆனால் உனக்கு எழுத முடிகிறது.

கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது தலைஞாயிறு தாண்டியும் என் கண் வயல்களில்தான் இருந்தது. எங்கே மஞ்சள் தட்டியிருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று என்னை அறியாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஃபஹ்மிதாவிடம் உண்மையைச் சொன்னேன். "அவ்வளவு தூரம் போயிட்டு, ஒரு வார்த்தை பேசாம வந்தீங்களா?" என்று கோபப்பட்டாள். பேசியிருந்தால் அழுதிருப்பேன், முப்பது பேர் முன்னால்.

இங்கே வந்ததும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சின்னவள் இருக்கிறாள், வாப்பாவுக்குக் கண் அறுவை இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நானே நம்பிவிடுவேன். ஆனால் நம் பயிர்ப் பாதுகாப்புப் புத்தகத்தை ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் இரண்டு பக்கம் படிக்கிறேன். அறையில் இருப்பவர்கள் பரீட்சையா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடு. மன்னிப்புக் கேட்டு எழுதாதே, என் சௌக்கியத்தையும் விசாரிக்க வேண்டாம். அந்த அம்மாவின் மூலை வயலில் எவ்வளவு பிழைத்தது என்று எழுது.

ஃபாஜில்